இருபத்து மூன்று பச்சைச் சீட்டுகள்

கண்டக்டரின் இடது கையைத் தூக்கிப் பிடித்து, மணிக்கட்டைச் சுற்றி ஒரு பச்சைச் சீட்டைக் கட்டிக்கொண்டிருந்தான் சிஸ்டரின் தம்பி. நூலை இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டு, "இறுக்குதா சார்?" என்று கேட்டான். "கை நல்லாத்தான்பா இருக்கு, இடுப்புக்குக் கீழதான் ஆள் இல்ல. கொஞ்சம் தளர்த்து" என்றார் கண்டக்டர். அவன் தளர்த்திவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தான். காலை எட்டு மணிக்கு வந்தவன், அரை மணி நேரத்துக்குள் கீழ்த்தளத்தில் படுத்திருந்த பதினான்கு பேருக்கும் கட்டி முடித்து, மாடிக்குப் போய் அங்கே இருந்த ஒன்பது பேருக்கும் கட்டிவிட்டு இறங்கி வந்தான். கல்யாண வீட்டில் சந்தனம் பூசுகிறவனைப் போல எல்லோரிடமும் சிரித்து ஒரு வார்த்தை பேசினான். பேச முடியாதவர்களிடமும் பேசினான்.

மருந்துத் தள்ளுவண்டியைப் பிடித்தபடி கூடத்து வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் சிஸ்டர். எழுந்து நடக்க முடியாதவர்களுக்கான அந்த அரசுப் பராமரிப்பு இல்லத்தில் அவளுக்குப் பதினேழு வருட வேலை, அதில் கடைசி ஆறு வருடம் தலைமை நர்ஸ். நோயாளிகளிலிருந்து வாயிற்காவலர் வரை அவளுக்கு சிஸ்டர் என்றுதான் பெயர். முதுகுக்குப் பின்னால் மிளகாய். அதுவும் அவளுக்குத் தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருபத்து மூன்று உடம்புகளைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டிய இடத்தில், நாலு தடவை தவறினால் தோல் பிய்ந்து புண்ணாகிவிடுகிற இடத்தில், சர்க்கரையாக இருந்து யாருக்கு என்ன லாபம் என்பது அவள் கட்சி. கண்டக்டர் இங்கே வந்து ஒன்பது வருடம். பேருந்து கவிழ்ந்து முதுகெலும்பு போனவர். இந்த ஒன்பது வருடத்தில் அவர் முதுகில் ஒரு மிளகளவு புண் வந்ததில்லை. உன் வேலையைக் காட்டு என்று யாராவது கேட்டால் அவள் அந்த முதுகைத்தான் காட்டுவாள்.

தம்பி மாடியில் இருந்தபோதுதான் அவள் கண்டக்டரின் சீட்டைத் திருப்பிப் படித்தாள். படுக்கை எண், பெயர், அதன் கீழே தடித்த எழுத்தில் அச்சடித்த ஒரு வரி: பாதுகாப்பாக வெளியேற்றப்பட்டார்.

இறங்கி வந்தவனைக் கையைப் பிடித்துத் துணி அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அடுக்கி வைத்த விரிப்புகளின் சலவைச் சோடா வாசனைக்கு நடுவே இருவரும் நின்றார்கள்.

"என்னடா இது?"

"ஒத்திகைதான்க்கா. தேசிய ஆயத்த நாள். பத்து மணிக்கு அபாயச் சங்கு ஊதும், ஊர்ச்சனம் எல்லாம் மைதானத்துக்கு நடக்கும், அமைச்சர் பார்ப்பாரு, பதினொன்னுக்கு முடிஞ்சிடும். நீ இவங்களை அசைக்கவே வேணாம்."

"அசைக்காம எப்படிடா வெளியேத்தினதா எழுதுவ?"

"எழுதுறதுக்கு எதுக்குக்கா அசைக்கணும்?" என்றான். தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்தவனைப் போல ஒரு கணம் நின்றான். பிறகு, "மேலே இருந்து அப்படித்தான் சொல்லியிருக்காங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

அவனைவிட அவள் ஏழு வயது மூத்தவள். அம்மா போன பிறகு அவனுக்கு மூக்குச் சிந்திவிட்டதும், கணக்குத் தெரியாமல் அழுதவனை மண்டையில் குட்டிப் பாஸாக வைத்ததும் அவள்தான். பேரிடர் ஆயத்தத் துறையில் வேலை கிடைத்து, இந்த மலைப்பகுதிக்கே அதிகாரியாக அவன் வந்தபோது, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மலை அப்போதே புகைய ஆரம்பித்திருந்தது. யாருடைய தாத்தாவின் காலத்திலோ வெடித்து அடங்கிய எரிமலை. ஒரு விடியற்காலையில் உச்சியிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் கிளம்பியது. அதற்குப் பிறகு இரண்டு வருடமாக அது நிற்கவில்லை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கூடம் முழுக்கத் தீக்குச்சி கிழித்த நாற்றம் வரும். வந்த புதிதில் தம்பி வரைபடத்தைக் கொண்டுவந்து அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்து, சிவப்பு வட்டத்துக்குள் ஒரு புள்ளியைக் காட்டி, "இதுதான்க்கா உன் இல்லம்" என்றான். மலை வெடித்தால் கொதிக்கும் சாம்பலும் வாயுவும் மேகமாகத் திரண்டு சரிவில் உருண்டு வரும், அது இந்தப் புள்ளிக்கு வந்துசேரப் பன்னிரண்டு நிமிடம் என்றான். கண்காணிப்பு நிலையத்தார் முன்கூட்டிச் சொன்னால் ஒரு நாள்கூடக் கிடைக்கலாம். சொல்லாவிட்டால் பன்னிரண்டு நிமிடம்தான். சொல்லிவிட்டு, எழுதத் தாள் கேட்டான். இருவருமாக உட்கார்ந்து அந்த மேசையிலேயே விண்ணப்பம் எழுதினார்கள். படுக்கவைத்து ஏற்றிப்போகிற வண்டிகள் வேண்டும், பழுதாகி ஐந்து வருடமான மின்தூக்கியைச் சரிசெய்ய வேண்டும், தூக்குவதற்குக் கூடுதல் ஆட்கள் வேண்டும். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அடுத்த விண்ணப்பத்துக்கும் அதே பதில். மூன்றாவதற்கும் அதுவே. "பரிசீலனைன்னு ஒரு ஊர் இருந்தா, இந்நேரம் பஸ் பிடிச்சு அங்கயே போய்ச் சேர்ந்திருக்கலாம் சிஸ்டர்" என்பார் கண்டக்டர். வண்டி வரவில்லை, ஆள் வரவில்லை. இன்று சீட்டு வந்திருக்கிறது.

"இதை அவங்க கையிலிருந்து அவிழ்த்துடு" என்றாள்.

"அக்கா, இருபத்து மூணு பேரை விட்டுட்டு அறிக்கை எழுதினா நூறு சதவீதம் வராது. நூறு வரலைன்னா என்னைக் கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"வண்டி இல்லைன்னு சொல்லு."

"சொல்லலையா? ரெண்டு வருஷமா வேறென்ன சொன்னேன்?" குரல் உடைந்து உயர்ந்தது. வெளியே யாருக்கோ கேட்டிருக்கும் என்று கதவைப் பார்த்தான். "இன்னைக்கு ஒருநாள் சும்மா இருந்துடு அக்கா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கழுத்தில் தொங்கிய நிறுத்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு, மைதானத்துக்குக் கிளம்பிப் போனான். அவள் போய் மருந்து கொடுத்தாள், சிறுநீர்ப் பைகளைக் காலி செய்தாள், ஒன்பதரைக்கு எல்லோரையும் வலப்பக்கம் புரட்டினாள். ஒவ்வொரு முறை ஒரு கையைப் பிடிக்கும்போதும் அந்தப் பச்சைத் தாள் அவள் விரலில் உரசியது. யாரோ தன் வீட்டுக்குள் வந்து, தன் பிள்ளைகளைப் பார்த்து, இவர்கள் இங்கே இல்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போனது போலிருந்தது.

சரியாகப் பத்து மணிக்கு சங்கு ஊதியது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. சாலையில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக, வெள்ளை முகமூடி அணிந்து, சிரித்துக்கொண்டே மைதானத்தின் பக்கம் நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கடைக்காரர்கள், பிறகு குழந்தையைத் தூக்கிய பெண்கள். கால் உள்ள ஊர் முழுக்க ஜன்னலுக்கு வெளியே நடந்து போவதைக் கூடத்தில் இருந்தவர்கள் படுத்தபடி பார்த்தார்கள். கண்டக்டர் கையைக் கண்ணுக்கு நேரே கொண்டுபோய்ச் சீட்டைப் படித்தார்.

"சிஸ்டர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"இந்தச் சீட்டுப்படி நான் இப்போ மைதானத்துல இருக்கேன். அப்படின்னா இங்க படுத்திருக்கறது யாரு?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்தபோது அவர் முகத்தில் வேடிக்கை இல்லை. சிஸ்டர் அவரை ஒரு நொடி பார்த்தாள். பிறகு குனியாமலேயே, காலால், கட்டில் சக்கரத்தின் பிரேக்கைத் தட்டி விடுவித்தாள்.

"லிஃப்ட்! வாசக்கதவை ரெண்டு பக்கமும் திற."

லிஃப்ட் என்பது இல்லத்தின் உதவியாளர். மின்தூக்கி நின்றுபோன நாளிலிருந்து மாடிக்கு ஏற வேண்டியவர்களையும் இறங்க வேண்டியவர்களையும் தோளில் தூக்கிச் சுமந்ததால் அவருக்கு அந்தப் பெயர். ஆறடி உயரம், ஐம்பதைத் தொட்ட வயது, கேள்வி கேட்காத சுபாவம். அன்று மட்டும் கேட்டார்.

"எங்கே சிஸ்டர்?"

"ரோட்டுக்கு. அமைச்சர் வண்டி மைதானத்துலேர்ந்து கண்காணிப்பு நிலையத்துக்கு இந்த வழியாத்தான் போகணும். வண்டி நிக்கட்டும். இங்க எத்தனை பேரு இருக்காங்க, எத்தனை வண்டி இருக்குன்னு அவர் கண்ணால எண்ணிப் பார்க்கட்டும்."

இளைய நர்ஸ், இரண்டு உதவியாளப் பெண்கள், சமையற்காரர், சலவைக்காரர், லிஃப்ட், அவள். ஏழு பேர். பிராணவாயுக் குழாயோடு இருந்த மூவரை விட்டுவிட்டாள். மாடியில் இருந்த ஒன்பது பேரை நினைக்கவே வழியில்லை. பதினொரு கட்டில்கள். சக்கரங்கள் வருடக்கணக்காகக் கூடத்துக்குள் மட்டுமே உருண்டவை. வெளியே வந்ததும் கீச்சிட்டன. வாசலில் இருந்த சாய்தளத்தைக் கட்டியவன் அதில் ஒருநாளும் எதையும் தள்ளிப் பார்த்திருக்க மாட்டான். ஏறினால் மூச்சுப் போகும், இறங்கினால் உயிர் போகும் என்று அதற்கு இல்லத்தில் ஒரு பேச்சு உண்டு. ஒவ்வொரு கட்டிலையும் மூன்று பேர் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, குதிகாலை ஊன்றி ஊன்றி இறக்கினார்கள். சமையற்காரரின் செருப்பு அறுந்தது. தையற்காரம்மா என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு நோயாளி, நான்கு வருடமாக வெயிலைப் பார்க்காதவள், முகத்தில் வெயில் பட்டதும் விரிப்பை இழுத்து மூடிக்கொண்டு, பிறகு மெதுவாக விலக்கி, வாயைத் திறந்தபடி வானத்தையே பார்த்தாள். கண்டக்டர் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்து, "போலாம் ரைட்!" என்று கத்தினார். பல வருடத்துக்குப் பிறகு அந்த விசில் சரியாக வந்தது. கட்டில்களிலிருந்து சிரிப்புச் சத்தம் எழுந்தது. சிஸ்டரும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிற்பாடு நினைத்தபோதெல்லாம் அவளுக்கு நாக்கு கசந்தது.

வெளிவாசலில் சாக்கடைக்கு மேலே ஓர் இரும்புக் கம்பிச் சட்டம் உண்டு. அதில் இரண்டு கம்பிகள் போய் வெகுநாளாகிறது. கண்டக்டரின் கட்டில் அதைக் கடக்கும்போது முன்சக்கரம் ஒன்று இடைவெளியில் இறங்கியது. கட்டில் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது. "பிடி, பிடி" என்று கத்திக்கொண்டு லிஃப்ட் கீழே கையைக் கொடுத்து ஒரே மூச்சில் தூக்கி நிறுத்தினார். கண்டக்டர் பக்கக் கம்பியைப் பற்றியிருந்தார், விழவில்லை. "டிரைவர், பள்ளம் பார்த்து ஓட்டுப்பா" என்றார். அவ்வளவுதான், நகர்ந்துவிட்டார்கள். அவருடைய இடது கால் கட்டிலின் பக்கக் கம்பிகளுக்கிடையே நழுவி முறுக்கிக்கொண்டு, மறுபடி உள்ளே வந்ததை யாரும் பார்க்கவில்லை. போர்வை மேலே இருந்தது.

சாலையில் பதினொரு கட்டில்களும் குறுக்காக நின்றபோது அமைச்சரின் வண்டிகள் வளைவில் திரும்பின. முன்னே வந்த காவல் வண்டி பிரேக் போட்டது. பின்னால் வரிசையாக எல்லாம் நின்றன. கேமராக்காரர்கள் குதித்து ஓடி வந்தார்கள். சிஸ்டர் நேரே நடுவே போய் நின்றாள். இரண்டு வருடமாக வாய்க்குள் உருட்டிவைத்திருந்த வாக்கியங்கள் அத்தனையும் ஒரே சமயத்தில் தொண்டைக்கு வந்தன. அமைச்சர் இறங்கினார். கட்டில்களைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த அதிகாரி அவர் காதில் ஏதோ சொன்னார்.

"ஐயா, இவங்களை ஏத்திட்டுப் போக ஒரு வண்டிகூட இல்ல. மாடியில இன்னும் ஒன்பது பேரு..."

"அற்புதம்!" என்றார் அமைச்சர். கைதட்டினார். அவர் தட்டியதும் பின்னால் நின்ற எல்லோரும் தட்டினார்கள். "படுத்த படுக்கையா இருக்கறவங்களைக்கூட வெளியே கொண்டுவந்துட்டாங்க! எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"பதினொரு நிமிஷம் சார்" என்றது ஒரு குரல்.

சிஸ்டர் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தின் பின்னால் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தான் தம்பி. கையில் நிறுத்துக் கடிகாரம். மைதானத்திலிருந்து ஓடி வந்திருக்கிறான். கட்டில்களைப் பார்த்த பயத்தில், மேலதிகாரி எதைக் கேட்டாலும் எண்ணைச் சொல்லிப் பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொய்யும் இல்லை. முதல் கட்டில் சாலைக்கு வரப் பதினொரு நிமிடம்தான் ஆகியிருந்தது. கடைசிக் கட்டில் வரும்போது அரை மணியைத் தாண்டிவிட்டதை யாரும் கேட்கவில்லை.

"காது கேக்கலையா உங்களுக்கு? வண்டி இல்லைங்கறேன்! இது வெளியேத்துறது இல்ல, தெருவுல போட்டுவச்சிருக்கேன். இதுக்கு மேல எங்க கொண்டுபோறது? தள்ளிட்டே போகவா?" தன் குரல் கிறீச்சிடுவது அவளுக்கே கேட்டது. அமைச்சர் அவள் தோளில் தட்டினார். "உங்களை மாதிரி ஆளுங்கதாம்மா இந்த நாட்டுக்கு அரண்" என்றார். பிறகு கண்டக்டரின் கட்டிலருகே போய், பச்சைச் சீட்டு தெரிகிற கையைப் பிடித்துக்கொண்டு கேமராக்களைப் பார்த்தார். கண்டக்டர் அந்தக் கையை விடுவித்துக்கொள்ளப் பார்ப்பது சிஸ்டருக்குத் தெரிந்தது. படத்தில் அது நெகிழ்ந்துபோய்ப் பற்றிக்கொண்டதுபோல்தான் விழுந்திருந்தது.

கட்டில்களைத் திரும்ப மேலே ஏற்றி முடிக்கப் பகல் ஒன்றாகிவிட்டது. புரட்டிப் படுக்கவைக்கிற வேளை ஒன்றரை மணி நேரம் தவறியிருந்தது. அவசர அவசரமாக ஒவ்வொருவராகப் புரட்டிக்கொண்டு வந்தவள் கண்டக்டரின் போர்வையை விலக்கினாள். இடது தொடை வலது தொடையைப் போல இரண்டு மடங்கு இருந்தது. தோல் பளபளவென்று நீலம் பாரித்துக் கிடந்தது. பாதம் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"என்ன சிஸ்டர், அப்படிப் பாக்கறீங்க?" என்றார் அவர். "எனக்கு ஒண்ணும் வலிக்கலையே."

அவள் அந்தக் காலை இரண்டு பக்கமும் தலையணை கொடுத்து அசையாமல் கட்டினாள். கை பாட்டுக்கு வேலை செய்தது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். வட்டாரத்தில் இருந்த ஆறு ஆம்புலன்ஸ்களும் மைதானத்தில் வரிசையாக, பார்வைக்காக, நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. கண்காட்சி நான்கு மணிக்குத்தான் முடியும், அதுவரை எடுக்கக்கூடாதென்று உத்தரவு என்றார்கள். அவள் தொலைபேசியில் சொன்ன வார்த்தைகளைப் பக்கத்தில் நின்ற இளைய நர்ஸ் அதுவரை யார் வாயிலும் கேட்டதில்லை. வண்டி நாலேகாலுக்கு வந்தது.

அவரை ஏற்றி அனுப்பிவிட்டு, துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. சுவரில் கையால் அறைந்தாள். இன்னொரு முறை அறைந்தாள். அமைச்சரை அறைந்தாளா, தம்பியையா, சாக்கடைச் சட்டத்தையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிரேக்கைத் தட்டிவிட்டது இந்தக் கால்தான். அந்தச் சட்டத்தில் கம்பி இல்லை என்பது அவளுக்கு மூன்று வருடமாகத் தெரியும். தெரிந்த பள்ளத்தில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள்; கோபத்தில் கண் மேலே, வரப்போகிற வண்டிகளின் மேலே இருந்திருக்கிறது. அப்படியானால் அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நினைப்பு வந்தது. வித்தியாசம் உண்டு என்று உடனே சண்டை போட்டாள். அந்தச் சண்டை அன்றோடு முடியவில்லை.

மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் படம். ஆஸ்பத்திரிக்கு அவள் பார்க்கப் போனபோது கண்டக்டர் அதை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். "மூஞ்சி நல்லா விழுந்திருக்கு சிஸ்டர். என் பாதியை மட்டும் கிழிச்சு வச்சுக்கலாம்னு பார்த்தேன், அந்தாள் கை நடுவுல வருது" என்றார். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அந்தக் கால் செத்து ஒன்பது வருஷமாச்சு. செத்ததுக்கு யாராவது கட்டுப் போடுவாங்களா? நம்ம ஊர்லதான் போடறாங்க." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "வெளிய காத்து நல்லாருந்துச்சு" என்றார்.

இருபத்தோரு நாள் கழித்துத் திரும்பி வந்தார். இடுப்புவரை மாவுக்கட்டு. அவரைப் புரட்டிப் பார்த்த சிஸ்டர் அப்படியே நின்றுவிட்டாள். முதுகின் அடியில், எலும்பு முட்டுகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஓரம் கறுத்து, நடுவில் ஆழம் தெரியாமல் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுபது பேருக்கு இரண்டு நர்ஸ். யார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டப்போகிறார்கள்? ஒன்பது வருடம் அவள் அண்டவிடாத புண் இருபத்தோரு நாளில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் கையுறை மாட்டிக் கழுவ ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு தினமும் மூன்று வேளை அதை அவளே கழுவினாள், வேறு யாரையும் தொடவிடவில்லை.

அதே வாரத்தில் லிஃப்ட்டையும் சலவைக்காரரையும் சமையற்காரரையும் கூப்பிட்டு, "இனிமே யாரும் வரப்போறதில்ல. நாமளேதான்" என்றாள். கட்டில்களை மறந்துவிட வேண்டும், தடித்த விரிப்பு இரண்டை ஒன்றாகப் போட்டு, அதில் ஆளைக் கிடத்தி, நான்கு மூலையையும் முழங்கைவரை சுருட்டிப் பிடித்துத் தூக்க வேண்டும். மாடியிலிருந்து இருபத்திரண்டு படிகள், நடுவில் ஒரு திருப்பம். முதலில் ஈரத்துணி மூட்டையை வைத்துப் பழகினார்கள். தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு, நோயாளிகள் கண்ணயர்கிற நேரத்தில், மூட்டை இறங்கும். சலவைக்காரரின் பொறுமையும் கூடவே இறங்கும். ஐந்தாம் நாள் லிஃப்ட் சொன்னார்: "மூட்டை நல்லாத்தான் வருது சிஸ்டர். ஆனா மூட்டைக்கு முதுகு இல்லையே. ஆள் நடுவுல தொங்குவாங்க. படியில இடிக்கும்." அவள் யோசித்துக்கொண்டே போனாள்.

தம்பி வந்தது அதற்கு அடுத்த நாள். ஒத்திகைக்குப் பிறகு அவன் வீட்டுக்கு வரவில்லை, அவளும் கூப்பிடவில்லை. மருந்து அறை வாசலில் நின்று ஓர் உறையை நீட்டினான். வாங்கிப் படித்தாள். படுக்கை நோயாளிகள் இருபத்து மூவரும் இல்லத்து ஊழியர்களாலேயே பதினொரு நிமிடத்தில் வெற்றிகரமாக வெளியேற்றப்பட்டிருப்பதால், வாகனங்கள், கூடுதல் ஆட்கள், மின்தூக்கிப் பழுதுபார்ப்பு ஆகியவை தொடர்பான கோரிக்கைகள் தேவையற்றவை எனக் கருதி முடித்துவைக்கப்படுகின்றன. கீழே பாராட்டுரை ஒன்று, அவள் பெயருக்கும் தம்பி பெயருக்கும் சேர்த்து.

பதினொரு பேர் இருபத்து மூன்றாகியிருந்தார்கள். அவள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தாள்.

"கால் முறிஞ்சதை எழுதினியா?"

"எழுதினேன். அந்தப் பக்கத்தையே எடுத்துட்டாங்க."

"எடுத்தப்புறம் கையெழுத்துப் போட்டது யாரு?"

அவன் மருந்து அலமாரிப் பக்கம் பார்த்தான்.

"கேக்கறேன்ல, யாரு போட்டது?"

"நான்தான்."

அவனை அடித்துவிடுவாள் என்று மருந்து எடுக்க வந்த இளைய நர்ஸ் நினைத்தாள். அவனும் அதை எதிர்பார்த்து நின்றவன்போல் கண்ணைத் தாழ்த்தியிருந்தான். சிஸ்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கூடத்துக்குள் இழுத்துக்கொண்டு போனாள். கண்டக்டர் பக்கவாட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மருந்துக் கட்டை ஓரமாக விலக்கினாள். "பாரு" என்றாள். அவன் பார்த்தான். முகத்தைத் திருப்பப் போனவனின் பிடரியில் கைவைத்து, "இன்னும் பாரு. எண்ணத் தெரிஞ்சவன்தானே நீ? எத்தனை அங்குலம்னு சொல்லு" என்றாள் அடங்கிய குரலில். அவன் தோள்கள் குலுங்கின. அவள் கையை எடுத்தாள். கட்டைச் சரியாக மூடி, விளிம்பை ஒட்டி, போர்வையை இழுத்துவிட்டாள்.

மூன்று மணி ஆகியிருந்தது. படிக்கட்டின் அடியில் லிஃப்ட்டும் சமையற்காரரும் சலவைக்காரரும் காத்திருந்தார்கள். நான்காவது மூலையைப் பிடிக்கும் இளைய நர்ஸுக்கு முந்தின நாள் மணிக்கட்டுப் பிசகியிருந்தது.

"கோட்டைக் கழட்டு" என்றாள் தம்பியிடம்.

"அக்கா, நான்..."

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. ஆள் குறையுது. ஒரு மூலையைப் பிடி."

அவன் கோட்டைக் கழற்றிப் படிக்கட்டின் கைப்பிடியில் போட்டான். எல்லோருமாக மாடிக்கு ஏறினார்கள். தரையில் விரிப்பை விரித்து, மூட்டையை எடுக்கப் போன லிஃப்ட்டை அவள் வேண்டாம் என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு விரிப்பின் நடுவே மல்லாந்து படுத்தாள். "கண்டக்டரும் நானும் ஒரே எடைதான். தூக்குங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன், அவங்கள்ல பாதிப் பேருக்குப் பேச்சு வராது. நீங்களாத்தான் பார்த்துக்கணும்."

தூக்கினார்கள். முதுகுக்குக் கீழிருந்து தரை போனது. விரிப்பு இருபுறமும் எழுந்து அவளை இறுக்கிக்கொண்டது, தோளோடு தோள் ஒட்டியது, கைகளை அசைக்க இடமில்லை. பதினேழு வருடமாக இந்த மனிதர்களை மேலிருந்தே பார்த்துப் பழகியவள் முதன்முறையாகக் கீழிருந்து பார்த்தாள். நான்கு முகவாய்கள், நான்கு மூக்குத் துவாரங்கள், கூரையின் நீர்க்கறைகள். முதல் படியில் தலை தாழ்ந்து கால் உயர்ந்தது. இரத்தம் காதுக்குள் இரைந்தது. திருப்பத்தில் தம்பியின் மூலை சறுக்கியது. அவள் இடுப்பு படியின் விளிம்பில் நங்கென்று இடித்தது. வலித்தது, சத்தம் காட்டவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு விரிப்பை மேலும் ஒரு சுற்றுச் சுற்றினான். அவன் நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி அவள் கன்னத்தில் விழுந்தது. துடைக்கக் கை வரவில்லை.

சாய்தளத்தில் இறங்கி வெளியே வந்தார்கள். வானம் கண்ணைக் கூசவைத்தது. அவள் தலை பின்னால் தொங்கியிருந்ததால் மலை தலைகீழாகத் தெரிந்தது. உச்சி கீழே இருந்தது, அதன் வாயிலிருந்து புகை கீழ்நோக்கி ஊற்றிக்கொண்டிருந்தது, காலையைவிடக் கொஞ்சம் தடிமனாக, கொஞ்சம் சாம்பல் நிறமாக. மற்ற நால்வரும் தங்கள் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு, மூச்சு வாங்க, வெளிவாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். இறக்கட்டுமா என்று யாரும் கேட்கவில்லை. நிறுத்துங்கள் என்று அவளும் சொல்லவில்லை.